எம்.டி.க்கு எதற்குக் கோச்?

சென்னையில் கோச்சிங் என்று சொன்னால் நீட், டிஎன்பிஎஸ்சி, அண்ணா நகர் ஐஏஎஸ் அகாடமி என்றுதான் நினைவுக்கு வரும். ஐசிஎஃப் என்றால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதனால், 'நம் எம்.டி.க்கு எக்ஸிகியூட்டிவ் கோச் ஏற்பாடு செய்திருக்கிறோம், அவர் ஐசிஎஃப் சான்றிதழ் பெற்றவர்' என்று ஒரு மெயில் வந்தால் கேன்டீனில் குழப்பம் வராமல் இருக்காது. சாருக்கு எதற்கு இந்த வயதில் டியூஷன்? வேலையை விட்டு அனுப்பப் போவதற்கு முன்னோட்டமா? மேடையில் பேசக் கற்றுத்தரப் போகிறார்களா?

மூன்றும் இல்லை. ஐம்பது வயதில், இருபது வருடம் நிர்வாகம் பார்த்த ஒருவரிடம் இருக்கும் உதவாத பழக்கம் ஒன்றை, வெளியிலிருந்து வரும் ஒருவரின் துணையோடு மாற்றும் முயற்சி அது. அது நடக்கிற காரியமா, நடந்தால் எப்படி நடக்கிறது, எங்கே நடக்காது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெரம்பூர் கோச்சும் இந்தக் கோச்சும்

ஹங்கேரியில் கோச் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரை சேர்க்கும் ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் கிண்டலாக அழைக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து சொல் விளையாட்டு மைதானத்துக்குப் போய், பிறகு அலுவலகத்துக்குள் வந்தது. பெரம்பூரில் 1955 முதல் தயாராகும் கோச்சும், எம்.டி. அறைக்குள் நுழையும் கோச்சும் பூர்விகத்தில் ஒரே ஊர்தான். சான்றிதழ் தரும் ஐசிஎஃப் வேறு: 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு.

சொல் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. பக்கத்துப் பக்கத்து வேலைகளோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

1. டிரெய்னர் ஒரு திறமையைக் கற்றுத்தருகிறார். பாடத்திட்டம் முன்பே தயார். முப்பது பேருக்கும் ஒரே பாடம்.

2. கன்சல்டன்ட் உங்கள் தொழிலைப் படித்துப் பதிலை எழுதிக் கொடுக்கிறார். பதில் தவறினால் பழி அவர் மேல்.

3. மென்ட்டார் அதே பாதையில் முன்னால் நடந்தவர். 'நான் அந்தக் காலத்தில் இப்படிச் செய்தேன்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

4. மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் நோயையும் வேதனையையும் கவனிப்பவர்கள். அதற்கான படிப்பும் பதிவும் சட்டப்படி அவர்களுக்கு வேண்டும்.

5. கோச் பதில் தருவதில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை உங்களுக்கே காட்டுகிறார். எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேட்கிறார். மாற்றினீர்களா என்று விடாமல் பின்தொடர்கிறார்.

ஐந்தாவது கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரி ஒலிக்கும். பதில் சொல்லாதவருக்கு எதற்குப் பணம்? பழக்கம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பழக்கத்துக்கு அறிவுரை ஏன் ஏறாது

ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், யோசித்துச் செய்யும் பகுதியிலிருந்து அந்த வேலையை மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் சூழல் கண்ணில் பட்டாலே செயல் தானாக ஓடும். வண்டி ஓட்டுபவர் கியர் மாற்றுவதை நினைத்துப் பார்ப்பதில்லை; அதுபோலத்தான் மீட்டிங்கில் குறுக்கே பேசுபவரும் 'இப்போது குறுக்கே பேசலாம்' என்று முடிவெடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் 'சார், கொஞ்சம் பொறுமையா கேளுங்க' என்ற அறிவுரை அன்று மதியத்தைத் தாண்டுவதில்லை. அவருக்கும் அது தெரிந்த விஷயம்தான். தெரிந்தது ஒரு இடத்தில் இருக்கிறது, பழக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

இது எல்லா மனிதருக்கும் பொது. தலைமையில் இருப்பவருக்கு மட்டும் மூன்று கூடுதல் பூட்டுகள் உண்டு.

1. அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் சோறு போட்டது. எட்டு பேர் வேலை செய்த ஷெட்டில் ஒவ்வொரு பில்லையும் முதலாளியே பார்த்ததால்தான் கம்பெனி பிழைத்தது. இன்று நூற்றிருபது பேர். அதே பழக்கத்தால் அவர் மேஜையில் ஃபைல்கள் நான்கு நாள் தூங்குகின்றன. அவர் கண்ணுக்கு இது கெட்ட பழக்கமாகத் தெரியாது; தன்னை வளர்த்த குணமாகத்தான் தெரியும். அதை விடச் சொல்வது அவருடைய வரலாற்றையே குறை சொல்வது போல ஆகிவிடுகிறது.

2. யாரும் சொல்வதில்லை. நம் அலுவலகங்களில் 'சரி சார்' என்பதற்கு மூன்று பொருள் உண்டு: ஒத்துக்கொள்கிறேன், காதில் விழுந்தது, நீங்கள் கிளம்புங்கள் அப்புறம் பார்த்துக்கொள்கிறோம். மேலே போகப் போக இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கும் காது மழுங்கிவிடும். இடித்துச் சொல்லக்கூடிய கூட்டாளி பிரிந்து போயிருப்பார், பழைய மேனேஜர் ஓய்வு பெற்றிருப்பார். மிச்சம் இருப்பவர்களின் இன்கிரிமென்ட் அவர் கையில் இருக்கிறது. வீட்டில் மட்டும் உண்மை பேசப்படும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மீட்டிங்கைப் பார்த்ததில்லை.

3. பதவி சின்னப் பழக்கத்தையும் பெரிதாக்கிவிடும். சூப்பர்வைசர் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். எம்.டி. அனுப்பினால் மூன்று பேர் எழுந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பார்கள். அவரோ மறந்துவிடுவோமோ என்று தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். நீல டிக் விழுந்ததா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாவது பூட்டுத்தான் முக்கியம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. தனக்குப் பழக்கம் இருப்பது தெரியாத ஒருவரை எந்த மனவலிமையும் காப்பாற்றாது. சம்பளப் பட்டியலில் இல்லாத, இன்கிரிமென்டுக்காக அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிராத ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும்.

இது தொழிலதிபர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, பெயர் பெற்ற பிறகு, ஓய்வு பெற்ற தன் ஆசிரியர் ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்கே அழைத்து நிற்கவைத்தார். நன்றாகவே நடந்தது என்று அவர் நினைத்திருந்த அறுவையில் ஆசிரியர் பார்த்துக் குறித்தவை: வலது முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்குத் தூக்குகிறது, அந்த நிலையில் கை நுட்பமாக வேலை செய்யாது. விளக்கின் வெளிச்சம் வெகுநேரமாக வெட்டிய இடத்திலிருந்து விலகியே இருந்தது. பல வருட அனுபவம் உள்ளவருக்கு இவை இரண்டும் தெரியவில்லை. கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு 2001இல் வந்த எரிக் ஷ்மிட்டுக்கும், முதலீட்டாளர் ஜான் டோர் 'ஒரு கோச் வைத்துக்கொள்' என்று சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. எனக்கு என்ன குறை என்று கேட்டார். அவருக்குக் கோச்சாக வந்த பில் கேம்ப்பெல் ஒரு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பின்னாளில் தனக்குக் கிடைத்த சிறந்த அறிவுரை எது என்று கேட்டபோது ஷ்மிட் டோரின் அந்த அறிவுரையைத்தான் சொன்னார்.

எந்தப் பழக்கங்கள்?

கோச் அறைக்கு வரும் பழக்கங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை. ஊழல், மோசடி எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அதற்கு ஆடிட்டரும் வக்கீலும் இருக்கிறார்கள்.

குறுக்கே பேசுவது. எல்லாம் தன் கையெழுத்தில் போக வேண்டும் என்பது. 'நல்ல யோசனைதான், ஆனா…' என்று தொடங்கி எவருடைய யோசனையையும் பாதித் தன்னுடையதாக்கிக்கொள்வது. கோபத்தை நிர்வாகக் கருவியாக வைத்திருப்பது. எதிரே ஆள் பேசும்போது போனைப் பார்ப்பது. கடினமான முடிவை 'பார்க்கலாம்' என்று ஆடிக்கும் தைக்கும் தள்ளுவது.

கடைசி இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. போன் பார்ப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். போனிலிருந்து நிமிர்ந்து எடுக்கும் முடிவில் அந்த ஒட்டடையும் இருக்கும். 'பார்க்கலாம்' என்பதோ நம் ஊரில் நாகரிகமாக 'முடியாது' சொல்லும் முறை. வெளியாளிடம் அது செல்லும். சொந்தக் குழுவுக்கு, அதுவும் பெங்களூருவிலோ புனேயிலோ இருந்து வந்து சேர்ந்தவருக்கு, முடியுமா முடியாதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதாக ஆகிவிடும்.

அம்பத்தூரில் ஒரு காலை

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இதில் வருபவர் கற்பனை மனிதர். 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது வருடமாவது புழங்கியவர்களுக்கு இவர் சாயலில் நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

வாடகை ஷெட்டில் ஒரு பழைய லேத்தோடு தொடங்கியவர். இப்போது சிஎன்சி மெஷின்கள், இரண்டு ஷிப்ட், ஒரகடம் பக்கம் போகும் கார் பாகங்கள். மகன் எம்பிஏ முடித்து வந்து, கோச் என்று ஒருவரைக் கொண்டு வந்திருக்கிறான். முதல் மாதம் அந்தக் கோச் வேறெதுவும் செய்யவில்லை. காலை 9 மணி புரொடக்‌ஷன் மீட்டிங்கில் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ரிஜெக்‌ஷன் ஏன் ஏறிச்சு?"

"சார், ரெண்டாவது மெஷின்ல ஃபிக்ஸ்சர் வந்து…"

"கிளாம்ப் லூசா இருக்கும். டைட் பண்ணச் சொல்லு. அடுத்தது?"

குவாலிட்டி பார்க்கும் பையன் நோட்டை மூடிவிட்டான். அவன் சொல்ல வந்தது வேறு: புதிதாக வந்த கம்பி லாட்டில், அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கில், கடினத்தன்மை ஒரே சீராக இல்லை, கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் அளவு ஓடும். அந்தத் தகவல் அறைக்குள் வந்து, பேசப்படாமல், நோட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. இரண்டு நாளில் மறுபடி, தரம் தேறாமல் தள்ளப்படும் பாகங்கள் கூடி, ரிஜெக்‌ஷன் ஏறும். முதலாளி மறுபடி சத்தம் போடுவார். பையன்களுக்குப் பொறுப்பே இல்லை என்று மகனிடம் சொல்லுவார்.

மீட்டிங் முடிந்ததும் கோச் ஒரு தாளை நீட்டினார். வெறும் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியவை.

"என்ன இது?"

"முப்பத்தஞ்சு நிமிஷத்துல நீங்க பதினேழு கேள்வி கேட்டீங்க சார். அதுல பதினாலுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

"தெரிஞ்சதைச் சொல்லாம வாயை மூடிட்டு உட்காரணுமா?"

"குவாலிட்டி தம்பி நோட்டை மூடினதைப் பார்த்தீங்களா?"

"இல்லியே. எப்போ?"

அந்த 'எப்போ' வந்த இடம்தான் கோச்சிங் தொடங்கும் இடம். அதுவரை பேசியது அறிமுகம்.

அடுத்த சந்திப்புகளில் அந்தப் பழக்கத்தின் வேர் மெதுவாக வெளியே வருகிறது. பல வருடம் முன்பு ஒரு தவறான லாட் அப்படியே கஸ்டமரிடம் போய், மொத்தமும் திரும்பி வந்து, வங்கியில் நகை வைக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து 'எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது' என்று மனதுக்குள் ஒரு சட்டம். குறுக்கே பேசுவது அந்தச் சட்டத்தின் காவல்காரன். ஹார்வர்டில் பணியாற்றிய ராபர்ட் கீகனும் லிசா லாஹேயும் இதை மாற்றத்துக்கு எதிரான நோய் எதிர்ப்புச் சக்தி என்று விளக்கினார்கள்: மாற வேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பும்போதே, நம்மைக் காப்பதாக நம்பும் இன்னொரு உறுதி உள்ளே இருந்து பிரேக் பிடிக்கிறது. காவல்காரனைத் திட்டிப் பயனில்லை. அந்தக் காவல் இன்னும் தேவையா, தேவை என்றால் வேறு வழியில் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். இவருக்கு வேறு வழி இருந்தது: வரும் மூலப்பொருளின் ஒவ்வொரு லாட்டிலும் கடினத்தன்மைச் சோதனை, அதன் முடிவு தினமும் ஒரே தாளில் அவர் மேஜைக்கு.

நடைமுறை எப்படிப் போகும்

முறையாக நடக்கும் ஒரு கோச்சிங் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு மணி நேரச் சந்திப்பு. அதற்குள் நடப்பவை:

1. முத்தரப்பு ஒப்பந்தம். பணம் கொடுப்பது நிறுவனம், உட்காருவது தலைவர், நடத்துவது கோச். யாருக்கு எது தெரியும் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமாக, எந்த இலக்கு, எத்தனை சந்திப்பு நடந்தது என்பவை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். அறைக்குள் பேசியது போகாது. இது தெளிவாக இல்லாத இடத்தில் தலைவர் அளந்து அளந்துதான் பேசுவார். அப்படியானால் பணம் வீண்.

2. 360 டிகிரி கருத்துக் கேட்பு. மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடம் பெயர் வெளியே வராமல் கேட்பது. பன்னிரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதைத் தொகுத்துக் கொடுக்கும்போது 'அவன் பொறாமையில் சொல்கிறான்' என்று தள்ள முடியாது. சின்னக் கம்பெனியில் இன்னொரு சிக்கல் உண்டு: வாக்கியத்தைப் படித்ததுமே யார் சொன்னது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே கோச் நேரில் பேசிவிட்டு, தன் வார்த்தையில் எழுதித் தருவதே நல்லது.

3. ஒரே ஒரு பழக்கம். அறிக்கையில் ஒன்பது குறைகள் இருக்கும். ஒன்பதையும் எடுப்பவர் எதையும் முடிப்பதில்லை.

4. 'அது நடந்தால் இது செய்வேன்' என்ற திட்டம். 'இனிமேல் நன்றாகக் கேட்பேன்' என்பது ஆசை. 'கேள்வி கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடித்த பிறகு மூன்று எண்ணிவிட்டுத்தான் பேசுவேன்' என்பது திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த வகைத் திட்டத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் எண்ணத்தைவிட இது இலக்கை எட்டத் தெளிவாகவே உதவுவது தெரிந்தது. காரணம் எளிது. பழக்கத்தைக் கிளப்பும் அதே சூழலில் வேறொரு செயலை இப்போதே கட்டிவைக்கிறோம்.

5. ஊரறியச் சொல்வது. அம்பத்தூர் முதலாளி ஒரு நாள் மீட்டிங்கில், "நான் நடுவுல பேசுறேன்னு எல்லாரும் சொல்லியிருக்கீங்க. சரிதான். இனிமே பேசினா கையைத் தூக்குங்க" என்றார். முதல் வாரம் ஒரு கையும் எழவில்லை. இரண்டாவது வாரம், ஸ்டோர்ஸில் இருக்கும் அம்மா தூக்கினார். முதலாளி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

6. எண்ணுவது. அவரே கேட்டு அவரே பதில் சொல்லிவிட்ட கேள்விகள்: பதினாலு, பதினொன்று, பன்னிரண்டு, ஆறு. நடுவில் ஏறும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் கண்டிப்பாக ஏறும்.

ஐந்தாவது படியைப் பல கோச்கள் விட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் மட்டும் பேசுவது இருவருக்குமே சுகமானது. ஆனால் பழக்கம் அந்த அறையில் நடப்பதில்லையே. அது மீட்டிங்கில் நடக்கிறது, ஷாப் ஃப்ளோரில் நடக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. தவிர, அவர் மாறினாலும் மற்றவர்கள் பழைய மனிதரையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நாள் பொறுமையாகக் கேட்டு ஒரு நாள் கத்தினால், 'பாத்தியா, அவ்ளோதான்' என்று முடித்துவிடுவார்கள். அவர் முயல்வது அவர்களுக்கும் தெரிந்திருந்தால் மட்டுமே அந்த ஒரு நாளை மன்னிப்பார்கள்.

எத்தனை நாள்? 21 நாளில் பழக்கம் மாறும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதிலும் அவை மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது போன்ற சின்னப் பழக்கங்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏதும் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆறு மாதம் என்பது கோச்சின் வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கலாம்.

உண்மையில் பலன் உண்டா?

உண்டு, விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஆன்டனி கிராண்ட் குழு 2009இல், பொது மருத்துவத் துறையின் 41 நிர்வாகிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை செய்தது. 360 டிகிரி கருத்து, அரை நாள் பயிலரங்கு, பத்து வாரத்தில் நான்கே சந்திப்பு. கோச்சிங் பெற்றவர்கள் இலக்கை அதிகம் எட்டினார்கள், மன உறுதியும் கூடியது. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டு என்றே முடித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2003இல் ஜேம்ஸ் ஸ்மிதரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் 1,361 மூத்த மேலாளர்களைப் பார்த்தார்கள். அவர்களில் 404 பேருக்குக் கோச் இருந்தார். கோச் இருந்தவர்கள் தெளிவான இலக்கு வைத்தார்கள், மேலதிகாரியிடம் யோசனை கேட்டார்கள், கீழே இருப்பவர்கள் தந்த மதிப்பெண்ணும் கூடியது. ஆனால் கூடியது கொஞ்சம்தான். கோச் இல்லாமல் வெறும் கருத்துக் கேட்பு அறிக்கையை மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது: அவ்ரஹாம் குளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996இல் 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. குறையைக் கேட்டவர் வேலையை விட்டுவிட்டு, தன் மரியாதையைக் காப்பாற்றுவதில் இறங்கிவிடுகிறார். எச்ஆர் துறையினர் 360 அறிக்கையை மெயிலில் அனுப்பிவிட்டு அத்தோடு வேலை முடிந்தது என்று இருப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

எங்கே வேலை செய்யாது

தலைவருக்கு மாற விருப்பம் இல்லை, போர்டின் கட்டாயத்துக்காக உட்காருகிறார் என்றால் வேலை செய்யாது. அவரை அனுப்புவதென்று முடிவெடுத்துவிட்டு, 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்று ஃபைலில் காட்டுவதற்காகக் கோச்சை வைத்தால் அது வேலை செய்யாததோடு, அடுத்தவருக்கும் கோச் என்றாலே பயம் வரும். கேன்டீன் பேச்சு அப்படித்தான் பிறக்கிறது.

குறை மனிதரிடம் இல்லாமல் ஏற்பாட்டில் இருந்தாலும் பயனில்லை. அமெரிக்காவில் இருக்கும் தலைமை அலுவலகம் சென்னை நேரம் இரவு 10 மணிக்குத் தினமும் போன் மீட்டிங் வைத்துவிட்டு, சென்னை மேலாளர் காலையில் எரிந்து விழுகிறார் என்று கோச் அனுப்பினால், திருத்த வேண்டியது மேலாளரை அல்ல, காலண்டரை.

தூக்கமின்மை, மனச்சோர்வு, குடி என்று விஷயம் போனால் நல்ல கோச் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லுவார். நிறுத்தாதவர் நல்ல கோச் இல்லை.

அப்புறம் குடும்பத் தொழில். அப்பாவின் பழக்கத்தை மாற்ற மகன் கோச் கொண்டு வருவது அம்பத்தூர் கதையில் இனிதாக நடந்தது. நிஜத்தில் பாதி நேரம் 'என் மகன் எனக்கு வாத்தியார் வைக்கிறான்' என்று அப்பா மாமாவிடம் புலம்புவதில் முடியும். அங்கே பழக்கத்துக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: சாவி எப்போது கை மாறும்? அதைப் பேசாமல் மீட்டிங்கில் எத்தனை முறை குறுக்கே பேசினார் என்று எண்ணிக்கொண்டிருப்பது வீட்டுக் கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி.

யாரை வைப்பது?

இந்தியாவில் கோச் என்று பெயர்ப் பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. இரண்டு நாள் வகுப்பு முடித்தவரும் போடலாம், இருபது வருடம் செய்தவரும் போடலாம். சான்றிதழ்களில் ஐசிஎஃப் படிநிலைகள் ஓரளவு அளவுகோலாக உதவும்: ஏசிசி என்றால் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்தவர், பிசிசி என்றால் 500, எம்சிசி என்றால் 2,500. மணி நேரம் கூடியதால் மட்டும் உங்களுக்குப் பொருந்துவார் என்று சொல்ல முடியாது. முதல் சந்திப்பில் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. நான் மாறினேன் என்பதை யாரிடம் கேட்டு முடிவு செய்வீர்கள்? 'உங்களிடம்தான்' என்று மட்டும் பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

2. என் மீட்டிங்கில் வந்து உட்காருவீர்களா?

3. எந்த விஷயத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்?

4. எப்போது முடியும்? தேதி சொல்லத் தயங்குபவர் அடுத்த வருடமும் அங்கேயே இருப்பார்.

5. தமிழில் பேசலாமா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கொட்டேஷனை ஆங்கிலத்தில் போடுபவரும் கோபத்தையும் பயத்தையும் தமிழில்தான் படுகிறார். 'ஐ ஃபெல்ட் டிஸ்ரெஸ்பெக்டட்' என்று சொல்லும்போது வராத விவரம், 'என்னை ஒரு ஆளா மதிக்கல' என்று சொல்லும்போது வந்துவிடும்.

கோச்சுக்குச் செலவு செய்ய வசதி இல்லாத சின்ன நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியைத் தாங்களே செய்துகொள்ள முடியும். பயப்படாமல் பேசும் ஒருவர் எல்லாக் கம்பெனியிலும் இருப்பார். பெரும்பாலும் ஸ்டோர்ஸிலோ அக்கவுன்ட்ஸிலோ பதினைந்து இருபது வருடமாக இருக்கும் ஒரு அக்கா. ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லி, மீட்டிங்கில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்ல வேண்டும். பழைய டெலிவரி சலான் பின்பக்கம் போதும். மீட்டிங் முடிந்ததும் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும், ஏன் இவ்வளவு என்று அந்த அக்காவிடம் கேட்கக் கூடாது, அடுத்த நாள் காலை 9 மணிக்கு இன்னொரு சலானை எடுத்துக் கொடுக்க வேண்டும்.